ஷாக் அடித்துப் பிழைத்த பிறகு

மின்சாரம் தாக்கிப் பிழைத்தவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லையே?" அன்போடு கேட்கிறார்கள். என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு "ஒன்றும் இல்லை" என்று பதில் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு, விட்ட வேலையைத் தொடரப் போய்விடுகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். அதை எண்ணும்போது எனக்குப் பதறுகிறது. உயிர் போகவில்லை என்பதற்காக உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் இருவர். ஒருவர் என் கையைப் பார்த்த மருத்துவர், மற்றவர் எங்கள் கொல்லையைப் பார்த்த வயர்மேன்.

நாங்கள் குடியிருப்பது மன்னார்குடி பக்கத்தில், ஒரே வரிசையாகக் கட்டிய நான்கு வாடகை வீடுகளில் ஒன்றில். குளியலறை கொல்லையில் தனியாக இருக்கிறது. வீட்டுச் சுவரில் அடித்த ஆணிக்கும் குளியலறையின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே துணி காயப்போட ஒரு ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, கட்டியிருந்தது. குளியலறை பல்புக்குப் போகும் ஒயரும் அந்தக் கம்பியோடு சேர்த்தே இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. நாங்கள் குடிவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ இழுத்த ஒயர் அது. டெல்டாப் பக்கத்தில் கொல்லைக் குளியலறை உள்ள வீடுகளில் இந்த ஏற்பாட்டைச் சாதாரணமாகப் பார்க்கலாம். கம்பி இருக்கிறது, அதிலேயே ஒயரையும் கட்டிவிட்டால் தொய்யாது என்பது கணக்கு.

ஐப்பசி அடைமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை. வானம் இருட்டிக் கிடந்ததால் குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிழிந்த போர்வையைக் கம்பியில் போட்டேன். ஒரு பக்கம் தாழ்ந்து தரையைத் தொட்டது. சரிசெய்ய வேண்டி வலது கையால் கம்பியைப் பிடித்தேன். வெறுங்கால், ஈர மண்.

சுவிட்சில் சுருக்கென்று அடித்துக் கையைத் தூக்கிப் போடுமே, அதைப் போன்றதல்ல இது. கை தானாக மூடிக்கொண்டது. விட வேண்டும் என்று நினைக்கிறேன், விரல்கள் இன்னும் இறுகுகின்றன. கத்த வாயைத் திறந்தேன், மூச்சு வெளியே வரவில்லை. மார்பை யாரோ கயிறு போட்டு இறுக்குவதைப் போல இருந்தது. பற்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டன. கண் தெரிந்தது, காது கேட்டது. என் மாமியார் பின்கட்டுப் படியில் நின்று என் பெயரைச் சொல்லி அலறியதும், என்னைப் பிடித்து இழுக்க ஓடி வந்ததும் தெரிந்தது. வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரைத் தடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. வேலிக்கு அந்தப் புறம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர், "அம்மா, தொடாதீர்கள்! தொட்டால் உங்களையும் பிடித்துக்கொள்ளும்!" என்று கத்தியபடி எங்கள் வீட்டு முன்வாசலுக்கு ஓடினார். அவர் கணவர் வயர்மேன். நான்கு வீட்டுக்கும் மீட்டர் பெட்டி ஒரே இடத்தில், திண்ணைச் சுவரில் இருக்கிறது. அக்கா மெயின் சுவிட்சை இறக்கினார். என் கை விட்டுப்போனது. சேற்றில் விழுந்தேன். விழுந்ததற்கும் திண்ணையில் கிடத்தப்பட்டதற்கும் இடையே நடந்தது எதுவும் என் நினைவில் இல்லை.

இந்த இடத்தில் அத்தைக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிடித்து இழுக்க ஓடி வந்தது பாசம். ஆனால் ஒரே வீட்டில் இருவர், மூவர் என்று அடுத்தடுத்து இறந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. மனைவியைக் காப்பாற்றப் போன கணவன், அப்பாவைக் காப்பாற்றப் போன மகன். ஆபத்தில் ஓடிப்போய்த் தொடுவதுதான் மனித இயல்பு. அதை அடக்கிக்கொண்டு மெயினை நோக்கி ஓடுவதற்கு, அது எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அத்தைக்குத் தெரியாது. இப்போது எங்கள் வீட்டில் பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். மெயினுக்கு முன்னால் சைக்கிளையோ அரிசி மூட்டையையோ நாங்கள் வைப்பதில்லை.

மெயினை இறக்க முடியாத நிலை என்றால், ஈரமில்லாத மரக்கட்டை, மூங்கில், பிளாஸ்டிக் நாற்காலி போன்ற ஒன்றால் கம்பியையோ கையையோ தட்டிப் பிரிக்கலாம். தட்டுகிறவர் செருப்புப் போட்டிருக்க வேண்டும், நிற்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்தும். தெருவில் போகும் 11,000 வோல்ட் கம்பியிடம் இந்த மரக்கட்டை வேலையைச் செய்யப் போகக் கூடாது. அந்த அழுத்தத்தில் நாம் 'கடத்தாது' என்று நம்பும் பொருள்களும் கடத்திவிடும். இன்னொன்று, வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் மெயினை இறக்கிய பிறகும் அதில் சேர்த்த விளக்கு, மின்விசிறி லைன்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதையும் தனியாக அணைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அன்று இன்வர்ட்டர் இல்லை.

மின்சாரம் நின்ற பிறகு அடிபட்டவரைத் தயங்காமல் தொடலாம். உடம்பில் கரண்ட் தங்கியிருக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. என்னை மணலில் படுக்கவைத்தால் கரண்ட் இறங்கிவிடும் என்று சொன்னவரும் அன்று இருந்தார். மனித உடம்பு மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளாது. மணலில் புதைப்பதும், கைகால்களைச் சூடுபறக்கத் தேய்ப்பதும், மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றுவதும், அந்த நேரத்தில் உண்மையில் செய்ய வேண்டிய ஒரே காரியத்தைத் தள்ளிப்போடுகின்றன.

அந்தக் காரியம், மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை, மார்பு 5 செ.மீ.க்குக் குறையாமல் உள்ளே போகும்படி அழுத்த வேண்டும். வீட்டு மின்சாரம் கொல்வது பெரும்பாலும் இதயத்தின் தாளத்தைக் குலைத்துத்தான். கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே துடிதுடிக்கும், இரத்தம் போகாது. இப்படி விழுகிறவர்களில் பலர் அதுவரை நல்ல இதயத்தோடு இருந்த இளம் வயதுக்காரர்கள். அதனால்தான் ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தினால் அவர்களுக்கு மீள வாய்ப்பு இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் அன்று எங்கள் தெருவில் அதைச் செய்யத் தெரிந்தவர் எவரும் இல்லை. பிறகு எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கு நடந்த முதலுதவிப் பயிற்சியில் நான் அதை முட்டி போட்டு, வியர்க்க வியர்க்கச் செய்து கற்றுக்கொண்டேன். படித்துத் தெரிந்துகொள்வது போதாது. எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்பது கைக்குத்தான் தெரிய வேண்டும்.

மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டேன், பேசினேன், கை மட்டும் கனமாக இருந்தது. அக்காவின் கணவர்தான் விடவில்லை. "கை ஒட்டிக்கொண்டு விழுந்தவர்களைக் கண்டிப்பாக இ.சி.ஜி. பார்க்க வேண்டும்" என்று சொல்லி ஆட்டோவை அழைத்து வந்தார்.

பதிவு செய்யும் இடத்தில் என் கணவர் பதற்றத்தில் "மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள்" என்றார். சீட்டில் 'மயக்கம்' என்றே எழுதினார்கள். மயக்கம் என்ற சீட்டுக்கு உரிய வரிசையில் உட்காரவைத்தார்கள். இரத்த அழுத்தம் பார்த்து, காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். நான் கையை நீட்டி "கரண்ட் கம்பி பிடித்துக்கொண்டது" என்று சொன்ன பிறகுதான் அங்கிருந்தவர்களின் நடை மாறியது. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். வாசலிலேயே "மின்சாரம் தாக்கியது" என்று சொல்லிவிட வேண்டும். கூடவே மருத்துவர் கேட்கும் முன்பே சொல்ல வேண்டியவை சில உண்டு. வீட்டு மின்சாரமா, தெருக் கம்பியா. எவ்வளவு நேரம் பிடித்திருந்தது. எந்தக் கையில் தொட்டது, எது தரையில் இருந்தது. உடம்பு நனைந்திருந்ததா. நினைவு தப்பியதா. விழும்போது தலையோ கழுத்தோ அடிபட்டதா. வந்திருப்பது கர்ப்பிணி என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், வயிற்றுப் பிள்ளையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

எந்தக் கை, எந்தக் கால் என்று கேட்பது ஏன் என்பதை மருத்துவர் என் உடம்பை வைத்தே காட்டினார். வலது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, கம்பி பதிந்த இடத்தில் சாம்பல் வெளுப்பாக ஒரு சிறு குழி. ஓரம் லேசாகத் தடித்திருந்தது. தொட்டால் வலிக்கவே இல்லை. இடது குதிகாலின் விளிம்பில் இன்னொன்று, கடுகு அளவில் கறுத்திருந்தது. அதை நான் கவனித்திருக்கவே இல்லை. மேலே உள்ளது மின்சாரம் நுழைந்த வழி, கீழே உள்ளது வெளியேறிய வழி. இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போட்டால் அது மார்பைக் கடந்து போகிறது. மேல்தோலில் தெரியும் காயம் சிறியதாக இருப்பதை வைத்து உள்ளே நடந்ததை மதிப்பிட முடியாது. வலிக்காத காயத்தைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அந்த இடத்தில் நரம்பே கருகியிருக்கலாம் என்றார் அவர்.

இ.சி.ஜி. எடுத்தார்கள். இரத்தத்தில் தசை, இதயப் பாதிப்பைக் காட்டும் சோதனைகள் செய்தார்கள். சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கடுந்தேநீர் நிறத்தில் போனால் சிதைந்த தசையிலிருந்து ஒரு புரதம் கசிந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருளாம். டி.டி. ஊசி போட்டார்கள். வீட்டு மின்சாரத்தில் லேசாக அடிபட்டு, நினைவு தப்பாமல், இ.சி.ஜி. சரியாக இருந்து, வேறு தொந்தரவும் இல்லாதவர்களைப் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு நடுவில் நினைவு தப்பியதால் மறுநாள் காலை வரை மானிட்டரில் வைத்திருந்தார்கள். அந்த இரவு முழுவதும் என் இதயம் ஒழுங்காகத்தான் ஓடியது. அதை அறிந்துகொண்டு வெளியே வந்ததில்தான் எனக்கு நிம்மதி. வீட்டிலேயே படுத்திருந்தால் அந்த நிம்மதி கிடைத்திருக்காது.

ஏன் பிழைத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இயற்பியல் பாடம் நடத்துகிறவள் நான். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். காய்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம் வரை இருக்கும். நனைந்த உடம்பில் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வகுப்பில் சொல்லும் ஓம் விதியின்படி கணக்குப் போட்டால் 230 மில்லி ஆம்பியர் வருகிறது. ஒரு 40 வாட் குண்டு பல்பு எரியத் தேவைப்படுவதே சுமார் 170 மில்லி ஆம்பியர்தான். இதயத்தின் தாளத்தைக் குலைக்க, அது மார்பு வழியே ஒரு நொடி அளவுக்கு ஓடினால், 100 மில்லி ஆம்பியருக்கு உள்ளேயே போதும்.

கை ஒட்டிக்கொள்வதற்கு அவ்வளவுகூட வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல் என்ற மின்பொறியாளர், தாமாக முன்வந்தவர்களை வைத்து இதை அளந்தார். பிடித்த மின்கம்பியைத் தானாக விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் முன்கையின் தசைகள் சேர்ந்து சுருங்கும். விரலை விரிக்கும் தசையைவிட மடக்கும் தசைக்கு வலு அதிகம் என்பதால் கை மூடியே நிற்கும். மின்சாரம் 'இழுத்துப் பிடித்துக்கொள்கிறது' என்று சொல்கிறோமே, உண்மையில் பிடித்துக்கொள்வது நம் கைதான். அதனால்தான் எலக்ட்ரீஷியன்கள் சந்தேகமான எதையும் உள்ளங்கையால் தொடுவதில்லை.

வயர்மேன் அண்ணன் மறுநாளே கொல்லைக்கு வந்து ஒயரை முழுவதுமாக அறுத்து இறக்கினார். எந்த இடம் என்று எனக்குக் காட்டினார். பாதித் தூரத்தில் இரண்டு துண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். பல கோடை வெயிலைக் கண்ட டேப். பசை உருகி வழிந்து, சுருள் தளர்ந்து, வாயைத் திறந்திருந்தது. உள்ளே செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு. அந்த முடிச்சைத் துணிக்கம்பியோடு சேர்த்துக் கட்டிய கட்டுக்கம்பி, டேப்பை அறுத்துக்கொண்டு செம்பு வரை போயிருந்தது. காற்றடித்துத் துணி ஆடும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. அந்தத் தொடுதல் முழுமையாக இல்லாமல், களிம்பின் வழியே அரைகுறையாக இருந்ததால்தான் மின்சாரம் என் கையை மூடும் அளவுக்கு வந்து, இதயத்தை நிறுத்தும் அளவுக்கு வராமல் போயிருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. நன்றாகத் தொட்டிருந்தால் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"ப்யூஸ் ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். கற்றவர்களுக்கே இங்கேதான் குழப்பம். ப்யூஸும் அதன் இடத்தில் இப்போது வரும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்றுவதற்கானவை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியர் வரை அது சும்மா இருக்கும். மனிதனைக் கொல்ல நூறு போதும். ஆகவே நாம் துடித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. எங்கள் வீட்டிலோ பழைய பீங்கான் ப்யூஸ் கட்டை. அடிக்கடி போகிறது என்று யாரோ தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

மனிதனைக் காப்பாற்றுவதற்கென்று உள்ள கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்று பெட்டியில் எழுதியிருக்கும். பழக்கத்தில் பலர் இ.எல்.சி.பி. என்றும் ட்ரிப்பர் என்றும் சொல்கிறார்கள். பேஸ் வழியே உள்ளே போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். என் கை வழியாகக் கொஞ்சம் மண்ணுக்குப் போனால் கணக்கு உதைக்கும், உடனே துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் என்று முகப்பில் எழுதியிருப்பது. 100, 300 என்று எழுதியவையும் கடையில் உண்டு. அவை தீ விபத்தைத் தடுப்பதற்கானவை, ஆளைக் காப்பாற்ற அவை போதாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.3 நொடிக்குள்ளும், அதைப்போல ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள்ளும் அது துண்டிக்க வேண்டும் என்பது தரவிதி. ஷாக் என்னவோ அடிக்கத்தான் செய்யும். ஆனால் கை ஒட்டிக்கொண்டு நிற்க நேரம் கிடைக்காது. விடும் எல்லையை அளந்த அதே டால்சீல்தான் 1961-இல் இதே வகைக் கருவியை அமெரிக்காவில் உருவாக்கினார். அளந்ததோடு நிற்காமல் தீர்வையும் தேடிய அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் ஒருவர் பிடித்தால், போனது போனபடி திரும்பி வருவதால் அதற்குக் கசிவாகத் தெரியாது. அதனால் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்ற தைரியத்தில் பல்பு ஹோல்டரைக் கழற்றக் கூடாது. அதன் முகப்பில் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். நாங்கள் மின்கட்டணக் கணக்கெடுக்க வரும் மாதம், வராத மாதம் என்று பார்க்காமல் ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் அழுத்துகிறோம்.

பழைய வீட்டில் இதைப் பொருத்தினால் அடுத்த தலைவலி தொடங்கும். மாட்டிய முதல் வாரத்தில் எங்களுடையது இரவில் காரணமில்லாமல் விழுந்தது. மழை பெய்தால் கட்டாயம் விழுந்தது. "பழைய ஒயரிங்குக்கு இது ஒத்துவராது, எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. எங்கள் வீட்டில் இரண்டு இடங்கள் சிக்கின. கிணற்று மோட்டாரின் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது. இன்னொன்று, பிளக் பாயிண்ட் ஒன்றில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் ஒயர் இல்லாததால் எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்து வைத்திருந்தார்கள். இந்தக் குறுக்குவழி கொடியது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். இரண்டையும் சரிசெய்த பிறகு அது காரணமில்லாமல் விழுவதே இல்லை.

எர்த் குழியையும் பார்த்தோம். குழாயைச் சுற்றி மண் பாறையாக இறுகியிருந்தது. கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை நம் அம்மாக்கள் காலத்தில் செய்தார்கள், பிறகு மறந்துபோனது. மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதற்குக் காரணம், செருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதுதான். இரண்டு துளை எக்ஸ்டென்ஷனில் செருகுவதற்காக அந்த முனையை வெட்டி எறிகிறவர்களைப் பார்த்தால் இப்போது நான் சும்மா இருப்பதில்லை. துணிக்கம்பி போய் நைலான் கயிறு வந்துவிட்டது. குளியலறை விளக்குக்கு ஒயர் பி.வி.சி. குழாய்க்குள் சுவர் வழியாகத் தனியாகப் போகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். முதல் சில நாள் உடம்பு முழுவதும் அடித்துப் போட்ட வலி. தசைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் சுருங்கியதன் விளைவு அது, ஓய்வில் சரியானது. வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தே இருந்தன. சாக்பீஸ் பிடித்தால் நழுவியது. மறுபடி மருத்துவரிடம் போய், இயன்முறைப் பயிற்சி செய்து, மெல்ல மெல்லத்தான் பிடி திரும்பியது. இப்படி மரத்துப்போவது, கை நடுக்கம், மறதி, தூக்கமின்மை ஆகியவை உடனே வராமல் நாள் கழித்தும் வரலாம். வந்தால், "அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டதே" என்று ஒதுக்காமல் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். குழந்தைகள் ஒயரைக் கடித்து உதட்டோரம் வெந்துபோனால் இன்னும் கவனம் வேண்டும். ஓரிரு வாரம் கழித்துப் பொருக்கு உதிரும்போது அந்த இடத்தில் இரத்தக்குழாய் திறந்து இரத்தம் பீறிடக்கூடும்.

பயமும் ஒரு காயம்தான். குழாயைத் திறக்கக் கை நடுங்கியது. மிக்ஸி சத்தத்தில் நெஞ்சு அடைத்தது. "பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல் என்ன இது" என்றார்கள். அத்தை மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பல வாரங்கள் எனக்கு முன்னால் அவரே போய் சுவிட்சைப் போட்டார், நான் கேட்காமலே. மருத்துவரிடம் இந்தப் பயத்தைச் சொன்னபோது அவர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதே எனக்குப் பாதி மருந்தாக இருந்தது.

விடுப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. உதவிய சக ஆசிரியை 'எலெக்ட்ரோக்யூட்' என்ற சொல்லைப் போட்டார். அதை மாற்றச் சொன்னேன். அமெரிக்காவில் மின்நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றத் தொடங்கிய காலத்தில் அதற்கென்றே உருவாக்கிய சொல் அது. 1890 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லர் என்பவருக்கு முதன்முதலாக அந்தத் தண்டனை நிறைவேறியது. இன்று சிலர் காயத்துக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும் அதன் அடிப்படைப் பொருள் மின்சாரத்தால் இறப்பது. பிழைத்தவருக்கு 'எலெக்ட்ரிக் ஷாக்', காயம் இருந்தால் 'எலெக்ட்ரிக்கல் இஞ்சுரி' என்று எழுதலாம். தமிழில் "மின்சாரம் தாக்கிக் காயமடைந்தார்" என்பது நேரானது. விடுப்பு, காப்பீடு, விபத்து அறிக்கை என்று பல கை மாறும் காகிதத்தில் இது தெளிவாக இருந்தால் பிறகு அலைச்சல் இல்லை.

மழைக்காலத்துக்கு இன்னொரு செய்தி. வயலிலோ தெருவிலோ மின்கம்பி அறுந்து கிடந்தால் செத்த கம்பி என்று நினைக்க வேண்டாம். பத்து மீட்டருக்கு அப்பால் நின்று மற்றவர்களையும் மாடுகளையும் தடுத்துவிட்டு, 94987 94987 என்ற மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்குச் சொல்ல வேண்டும். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அறியாமல் அருகே போய்விட்டால் ஓடக் கூடாது. ஈர மண்ணில் ஒவ்வொரு அடிக்கும் மின்னழுத்தம் வேறுபடும். கால்கள் இரண்டையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்தே விலகி வர வேண்டும். மின்கம்பத்திலும் அதைச் சாயாமல் இழுத்து நிறுத்தும் ஸ்டே கம்பியிலும் துணிக்கயிறு கட்டுவதும் மாடு கட்டுவதும் இன்றும் நடக்கிறது.

ஆர்.சி.சி.பி.க்கு இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஆனது. வீட்டு உரிமையாளர் முதலில் தயங்கினார். அறுத்த ஒயர் முடிச்சை அவர் கையிலேயே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். வரிசையில் உள்ள மற்ற மூன்று வீட்டுக் கொல்லையிலும் அதே ஆள், அதே காலத்தில் இழுத்த ஒயர்தான். இரண்டு வீட்டில் மாற்றியாகிவிட்டது. கடைசி வீட்டில் வயதான தம்பதி மட்டும் இருக்கிறார்கள். தை பிறந்ததும் செய்து தருவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார். அதுவரை பொறுக்க எனக்கு மனமில்லாததால், வயர்மேன் அண்ணன் அந்தக் குளியலறை லைனை மெயினிலேயே துண்டித்துவிட்டு, பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்றை அங்கே மாட்டிக் கொடுத்திருக்கிறார்.